முன்கட்டைக்கு நிற்கும் ஆள்

ஜெரோம், ஞாயிற்றுக்கிழமை நீ போனில் வண்டி எப்படி இருக்கிறது என்று கேட்டபோது, "பிரமாதமா ஓடுதுலே" என்று அப்பா சொன்னாரே, அது பொய். மாவுக்கட்டுப் போட்ட காலை ஸ்டூல் மேல் தூக்கி வைத்துக்கொண்டு சொன்ன பொய். பக்கத்தில் நின்ற நானும் வாயைத் திறக்கவில்லை. கல்யாணம் முடியட்டும், பிள்ளை மனசு கெட வேண்டாம் என்று கண்ணாலேயே என்னை அடக்கிவிட்டார். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. கோவிலில் உனக்கும் மெர்லினுக்கும் கல்யாண ஓலையை முதல் தடவை வாசித்தாகிவிட்டது. நீ வந்து இறங்கியதும் முதல் வேலையாக மெர்லின் அப்பாவின் ஜீப்பையும் நம் வண்டி மாதிரியே மாற்றித் தருவதாகச் சொல்லியிருக்கிறாய். அவரும் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறார். அதனால்தான் அப்பாவுக்குத் தெரியாமல் இதை எழுதுகிறேன். போனில் சொன்னால் நீ குறுக்கே பேசுவாய், நாலு இங்கிலீஷ் வார்த்தையில் என் வாயை அடைத்துவிடுவாய். எழுதிப் படம் எடுத்து அனுப்பினால் கடைசி வரைக்கும் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

நீ அந்த வண்டியில் செய்துவிட்டுப் போன வேலையால் உன் அப்பாவின் உயிர் போகப் பார்த்தது. சுற்றி வளைக்க எனக்குத் தெரியவில்லை, அதனால் முதலிலேயே சொல்லிவிட்டேன். உயிர் போகவில்லை, பாதத்தில் இரண்டு எலும்பு உடைந்திருக்கிறது, நடக்கலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். இப்போதே டிக்கெட் எடுத்துக்கொண்டு ஓடி வராதே. உட்கார்ந்து படி.

குறை சொல்லி ஆரம்பித்தவள் நான்தான், அதையும் மறைக்கவில்லை. டயரில் காற்றைக் குறைத்து, நாலு சக்கரமும் இழுக்கிற மாதிரி லோ கியரில் போட்டாலும், உலர்ந்த மணலில் படகின் கனம் கயிற்றில் ஏறியதும் வண்டி செத்துப் போகிறது, அரைக் கிளட்சிலேயே பிடித்து இழுக்க வேண்டியிருக்கிறது, கிளட்ச் கருகுகிற வாடை வருகிறது என்று மாசக்கணக்கில் உன்னிடம் புலம்பியது நான். நீ அந்த ஊரில் நாள் முழுவதும் கம்ப்யூட்டரில் டீசல் இன்ஜினுக்குப் புத்தி சொல்லிக் கொடுக்கிற வேலை பார்க்கிறாய். அம்மா வண்டிக்கு ஒரு வழி செய்யக்கூடாதா என்று இடித்துக் காட்டியதும் நான்தான். அதனால் இதை நீ ஆசைப்பட்டுச் செய்த வேலை என்று நான் சொல்லவில்லை. அம்மாவுக்காகத்தான் செய்தாய்.

நம் கரை வழக்கம் உனக்குத் தெரியாததில்லை. ஆனாலும் எழுதுகிறேன், ஏனென்றால் நீ அதை மறந்துபோயிருக்கிறாய் என்று நினைக்கிறேன். படகை மேலே ஏற்றும்போது அடியில் உருட்டுக்கட்டைகளைப் போட்டுக்கொண்டே வர வேண்டும். பக்கத்துக் கட்டைகளை யாரும் போடலாம். படகின் மூக்குக்குக் கீழே போடுகிற முன்கட்டைக்கு மட்டும், வண்டி ஓட்டுகிறவர் வீட்டு ஆள்தான் நிற்க வேண்டும். யார் வைத்த சட்டமோ தெரியாது. அடுத்த வீட்டுப் பிள்ளையை முன்கட்டைக்கு நிறுத்திவிட்டு எவரும் வண்டியில் ஏறி உட்கார முடியாது, அவ்வளவுதான். முன்கட்டைக்கு நிற்பவர் வண்டிக்கும் படகுக்கும் நடுவில் நிற்கிறார். முகம் படகைப் பார்த்து, முதுகு வண்டியைப் பார்த்து. அவர் திரும்பி வண்டியைப் பார்க்கவும் மாட்டார். கண்ணைக் கட்டையிலிருந்து எடுத்தால் கை போய்விடும் என்பது ஒரு காரணம். திரும்பிப் பார்ப்பது ஓட்டுகிறவரை நம்பவில்லை என்று நாலு பேர் முன்னால் சொல்வது மாதிரி என்பது இன்னொன்று.

அப்பா கப்பலில் இருந்த காலத்தில் ஐஸ் ஏற்றவும் மீன் ஏற்றவும் அந்த ஜீப்பை வாங்கினோம். வைத்த டிரைவர் ஒழுங்காக வராததால் நானே ஸ்டீரிங்கைப் பிடித்தேன். "மைனி ஜீப்பு ஓட்டுதாவளாம், எல்லாரும் மரத்துல ஏறிக்கிடுங்க" என்று உனக்குச் சித்தப்பா முறையாகிற கஸ்பார் கேலி பண்ணியது உனக்கு ஞாபகம் இருக்கும். அதே கஸ்பார்தான் பிறகு, தன் படகை இழுக்க என்னைத் தவிர வேறு யாரையும் கூப்பிட்டதில்லை. என் தம்பி கொஞ்ச நாள் முன்கட்டைக்கு நின்றான். பிறகு நீ நின்றாய். நீ வேலைக்குப் போன பிறகு, கப்பலை விட்டு வந்த அப்பா நிற்கிறார். இத்தனை வருஷத்தில் முன்கட்டைக்கு நின்ற ஒருவருக்கும் நகக்கண்ணில் கூட அடி பட்டதில்லை. அதில் எனக்குக் கர்வம் இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன்.

நீ லீவில் வந்தபோது ஸ்டீரிங்குக்குக் கீழே ஒரு வயரைச் சொருகி, லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு ஒரு பகல் முழுக்க உட்கார்ந்திருந்தாய். காபி கொண்டுவந்து வைத்தால் அது ஆறிப்போகும், நிமிர்ந்து கூடப் பார்க்க மாட்டாய். உன் முகத்தைப் பார்க்க எனக்குப் பெருமையாக இருந்தது. மறுநாள் என்னை ஓட்டச் சொல்லி உப்பளத்து ரோட்டில் கூட்டிக்கொண்டு போனாய். துறைமுகத்துக்குப் போகிற கண்டெய்னர் லாரிகளை ஒன்றன் பின் ஒன்றாக முந்தினேன். நம் கிழட்டு வண்டியா இது என்றிருந்தது. "தொட்டா போதும்மா, பறக்கும் பாரு" என்றாய். எனக்கும் வாயெல்லாம் சிரிப்பு, நடு ரோட்டில் உன் கன்னத்தைக் கிள்ளினேன். தொட்டால் போதும் என்ற அந்த வார்த்தை இப்போதும் காதிலேயே நிற்கிறது.

திரும்பி வரும்போது, "ஒரு படகக் கட்டி இழுத்துப் பாத்துருவோமாலே?" என்று கேட்டேன். நீ சிரித்தாய். "எதுக்கும்மா? இழுவையெல்லாம் லேப்டாப்பிலயே தெரியுது. எனக்குச் சாயந்தரம் பஸ்ஸு" என்றாய். நானும் விட்டுவிட்டேன். உனக்கு நெத்திலிக் கருவாடு வறுத்துக் கட்டிக் கொடுக்கிற அவசரம் எனக்கு.

நீ போன அடுத்த வாரம் துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றினார்கள். விடிந்ததிலிருந்தே காற்று சரியில்லை. கடல் கலங்கிக் கிடந்தது. கரை முழுக்க ஆட்கள். டிராக்டர்கள் எல்லாம் பெரிய வள்ளங்களை இழுக்க அந்தப் பக்கம் போய்விட்டன. கஸ்பாருடைய பைபர் படகு அலையில் தூக்கித் தூக்கிப் போட்டுக்கொண்டிருந்தது. இன்ஜினைக் கழற்றக்கூட நேரமில்லை, அப்படியே இழுத்துவிடலாம் என்றார்கள். நான் வண்டியை மேட்டில் நிறுத்தி லோ கியரில் போட்டேன். கயிற்றைக் கட்டினார்கள். அப்பா கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, முன்கட்டையைத் தூக்கிப்போய், எனக்கு முதுகைக் காட்டி நின்றார். அவருடைய முதுகு கண்ணாடியில் தெரிந்தது. ஓரமாக நின்ற கஸ்பார் எனக்குத் தெரிகிற மாதிரி கையைத் தூக்கினார்.

"மெதுவா மைனி. கயிறு விறைக்கட்டும், அப்புறம் எடுங்க."

கயிறு விறைத்தது. கால் பெருவிரலால் பெடலைத் தொட்டேன். ஒன்றுமில்லை. ரோட்டில் பறந்த வண்டி, மணலில் படகின் கனத்தைக் கண்டதும் பழையபடி கல்லாக நின்றது. இன்னும் கொஞ்சம் இறக்கினேன். இன்ஜின் முனகியது, சக்கரம் நகரவில்லை. அலை ஒன்று படகின் பின்பக்கத்தைத் தூக்கியது. "இப்ப எடுங்க, இப்ப எடுங்க" என்று எல்லோரும் கத்தினார்கள். "வரட்டும்ளா" என்று அப்பா திரும்பாமலேயே சொன்னது என் காதில் விழுந்தது. இன்னும் ஒரு துளிதான் இறக்கினேன், ஜெரோம். மாதா மேல் சத்தியமாக ஒரு துளிதான். டர்போ விசில் அடித்த மாதிரி ஒரு சத்தம் வந்தது, வண்டி முழு மூச்சாக முன்னால் பாய்ந்தது. காலை எடுத்துவிட்டேன், கிளட்சையும் மிதித்துவிட்டேன். எடுத்து என்ன செய்ய, படகு ஏற்கெனவே கிளம்பிவிட்டது. கட்டை மேல் உருண்டு வர வேண்டிய படகு கட்டையைத் தாண்டிக் குதித்தது. கட்டை தெறித்தது. கண்ணாடியில் அப்பாவின் முதுகைக் காணவில்லை.

வண்டியிலிருந்து எப்படி இறங்கினேன் என்று எனக்குத் தெரியாது. ஓடிப்போய்ப் பார்த்தபோது அவர் மணலில் மல்லாந்து கிடந்தார். ஒரு பாதம் கட்டைக்கு அடியில் புதைந்திருந்தது. படகின் மூக்கு அவர் இடுப்புக்கு நேராக மணலைக் குத்தி நின்றது. நடுவில் ஒரு கையை வைக்கலாம், அவ்வளவுதான் இடம். "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல" என்று அவரே சொல்லிக்கொண்டிருந்தார். முகம் வெளுத்துப் போயிருந்தது. மணல் இளகலாக இருந்ததால் பாதம் உள்ளே இறங்கிவிட்டது, இல்லாவிட்டால் காலே கூழாகியிருக்கும் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். அந்தப் புயலும் நம் பக்கம் வரவில்லை. வடக்கே போய்விட்டது, மறுநாள் கூண்டை இறக்கிவிட்டார்கள்.

கஸ்பார் ஆஸ்பத்திரி வாசலில் என் பக்கத்தில் வந்து நின்றார். திட்டுவார் என்று நினைத்தேன், திட்டியிருக்கலாம். "மைனி, உங்க கால எனக்குத் தெரியும். இது உங்க கால் இல்ல" என்றார். அதைக் கேட்டதும்தான் நான் அழுதேன். அது எனக்கு ஆறுதலாக இல்லை. இத்தனை நாள் அந்தப் பெடலுக்கு மேலே இருந்தது என் கால் என்றுதான் நினைத்திருந்தேன். இப்போது யாருடைய கால் அது? உன்னுடையதா? நீ அன்றைக்குக் கரையிலேயே இல்லையே.

அதற்குப் பிறகு ஒரு நாள் வண்டியை எடுத்துக்கொண்டு கரைக்குப் போனேன். இன்னொரு படகை மேலே ஏற்ற நின்றுகொண்டிருந்தார்கள். "வேண்டாம் மைனி, டிராக்டருக்குச் சொல்லியாச்சு" என்றார் கஸ்பார். மரியாதையாகத்தான் சொன்னார். சண்டை போட்டிருந்தால் நானும் நாலு கொடுத்திருப்பேன். மரியாதையாகச் சொன்னதால் பேசாமல் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டேன். சும்மா நிற்காமல் மூன்றாவது மைல் ஸ்டாப்பில் இருக்கிற நம் மெக்கானிக் அண்ணாச்சியிடம் கொண்டுபோனேன். அவர் தன் ஸ்கேனரைச் சொருகிப் பார்த்துவிட்டுக் கையை விரித்தார். "தம்பி உள்ள என்ன எழுதிருக்கான்னு எனக்குத் தெரியாதும்மா. பழைய பைல் அவன்ட்டதான் இருக்கும். நான் கைய வச்சா இன்னும் கெடும்" என்றார். வண்டி இப்போது வீட்டு வாசலில் தார்ப்பாய் மூடிக் கிடக்கிறது. மழைக்காலம் முன்னால் இருக்கிறது, இன்னும் எத்தனை கூண்டு ஏறுமோ. உன் அப்பா கட்டிலில் இருக்கிறார், தெருவில் எந்த வண்டிச் சத்தம் கேட்டாலும் சட்டென்று திரும்பிப் பார்க்கிறார். பால் வண்டிக்குக் கூடத் திரும்புகிறார். என்னால் அதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

நீ முதன்முதலாக முன்கட்டைக்கு நின்ற நாளை நான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். காலேஜ் லீவு. என் தம்பிக்குக் காய்ச்சல், நீயாகக் கட்டையைத் தூக்கிக்கொண்டு போய் நின்றாய். ஒடிசலான முதுகு, பனியனில் ஒரு ஓட்டை. கண்ணாடியில் உன்னைப் பார்த்ததும் கிளட்சை முழுக்க விட எனக்கு மனசு வரவில்லை. அன்றைக்கு வண்டியை எறும்பு ஊர்கிற மாதிரி நகர்த்தினேன். "மைனி, இந்த வருசத்துக்குள்ள படகு மேல வந்துருமா?" என்று கஸ்பார் கேட்டதும் கரையே சிரித்தது. நீ மட்டும் சிரிக்கவும் இல்லை, திரும்பவும் இல்லை. சாப்பிடும்போது கேட்டேன், "ஏம்லே, எவ்வளவு பேர் சத்தம் போட்டாவ, ஒரு தடவ கூடத் திரும்பிப் பாக்கலியே?" என்று. வாயில் சோற்றை வைத்துக்கொண்டே, "நீதான ஓட்டுத, எதுக்குப் பாக்கணும்?" என்றாய். அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டுதான் நான் இத்தனை வருஷம் அந்த வண்டியை ஓட்டினேன்.

வண்டியைப் பழையபடி ஆக்கித் தா என்று நான் கேட்கவில்லை. பழையதும் நல்லதில்லை, கிளட்ச் தீய்ந்தது நிஜம். நீ ஏற்றிய இழுவை எல்லாம் மேலே, ரோட்டில் ஓடுகிற வேகத்தில் இருக்கிறது. எனக்கு வேண்டியது கீழே, வண்டி நின்ற இடத்திலிருந்து முதல் அடி எடுத்து வைக்கிற இடத்தில். என் கால் ஒரு நெல்லளவு இறங்கினால் வண்டி ஒரு நெல்லளவு நகர வேண்டும். நான் காலை எடுத்தால் அதுவும் எடுக்க வேண்டும். அதற்கு மேல் அதற்குச் சொந்த ஆசை எதுவும் இருக்கக்கூடாது. ரோட்டுக்கு ஒன்று, மணலுக்கு ஒன்று என்று இரண்டு விதமாக எழுதி சுவிட்ச் வைத்துத் தருகிறேன் என்பாய், உன்னை எனக்குத் தெரியும். காற்றடிக்கிற நேரத்தில், எல்லோரும் கத்துகிற நேரத்தில், நான் சுவிட்சை மறந்துபோனால்? லோ கியரைப் போட்டதும் தானாகவே பெடல் சாதுவாகிவிடுகிற மாதிரி எழுத முடியுமா என்று பார். முடியுமா முடியாதா என்பது எனக்குத் தெரியாது. அது உன் படிப்பு, அதில் நான் தலையிடவில்லை. எதுவாக இருந்தாலும், படகைக் கட்டி இழுத்துப் பார்க்காமல் முடிந்தது என்று சொல்லாதே.

மெர்லின் வீட்டு ஜீப்பைப் பற்றி இப்போது சொல்கிறேன். அவர்கள் கரையில் அவள் அப்பா ஓட்டுகிறார். முன்கட்டைக்கு நிற்பது யார் என்று நீ கேட்டாயா? அவள் அண்ணன் டெரன்ஸ். உன்னோடு ஒரே தட்டில் சாப்பிட்டவன், உன் கல்யாணத்துக்கு மாப்பிள்ளைத் தோழனாக நிற்கப் போகிறவன். நாளைக்கு நீ தொட்ட வண்டி அவனைத் தள்ளிவிட்டால் அந்த வீட்டு வாசலை நீ எப்படி மிதிப்பாய்? மெர்லின் முகத்தில் எப்படி விழிப்பாய்? நம் வண்டி சரியாகும் வரை அந்த வண்டியில் உன் வயரைச் சொருகக் கூடாது. அவர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும், அம்மா தடுத்துவிட்டாள் என்று என் தலையில் போடு. கல்யாணத்துக்கு அம்மா என்ன புத்தி சொன்னாள் என்று யாராவது கேட்டால் இதையே சொல். இனிமேல் உன்னை நம்பி உனக்கு முதுகைக் காட்டி நிற்கிற ஆள் ஒன்றுக்கு மேல் இருக்கும். நீ எங்கோ தூரத்தில் உட்கார்ந்து எதைத் தட்டினாலும், அது இங்கே யாருடைய முதுகுக்குப் பின்னால் போய் நிற்கும் என்று ஒரு தடவை யோசி.

உன்மேல் கோபம் இருக்கிறது, அதை ஒளிக்கவில்லை. உன்மேல் நம்பிக்கையும் இருக்கிறது, அதையும் ஒளிக்கவில்லை. இரண்டும் ஒரே நேரத்தில் இருக்க முடியும் என்று இந்த வாரம்தான் தெரிந்துகொண்டேன். நீ வந்து இறங்கும் வரை அப்பாவிடம் எதுவும் கேட்காதே, ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரியே இரு. சொன்ன நாளுக்கு வா. லேப்டாப்பைக் கொண்டுவா. செய்ய வேண்டியதைச் செய். கஸ்பாரிடம் நான் பேசிவிட்டேன். அவர் தாடையைத் தடவிக்கொண்டு நின்றார். பிறகு, "சரி மைனி, என் படகையே கட்டுங்க. ஆனா வழக்கம் வழக்கந்தான்" என்றார்.

அந்தப் படகை இழுக்கும்போது ஸ்டீரிங்கில் நான் உட்கார மாட்டேன். நீ உட்கார வேண்டும். ஓட்டுகிறவர் வீட்டு ஆள்தான் முன்கட்டைக்கு நிற்க வேண்டும், உன் அப்பாவால் இப்போது காலை ஊன்ற முடியாது. அதனால் கட்டையைத் தூக்கிக்கொண்டு நான் போய் நிற்பேன். கண்ணாடியில் என் முதுகு உனக்குத் தெரியும். கரையில் இருக்கிற அத்தனை பேரும் சத்தம் போட்டாலும் நான் திரும்பிப் பார்க்க மாட்டேன். ஓட்டுவது நீதானே.